சபதத்துக்கு எக்கோ வேண்டாம் என்ற பிரசங்கி

திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவுக்குப் பாரதப் பிரசங்கி தேடுகிற ஊர்க்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். பிரியாணிக் கடைக்கும் செல்போனுக்கும் ஆளாளுக்கு ஸ்டார் போடுகிறார்கள். பிரசங்கிக்கு யாரும் போடுவதில்லை. யாரோ சொன்ன பெயரை நம்பி முன்பணம் கொடுத்துவிட்டு, காப்புக் கட்டிய பிறகு விழாக்குழு முழிப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

நான் மைக்செட் வைத்திருக்கிறேன். நீடாமங்கலம், மன்னார்குடி, வலங்கைமான் வட்டாரத்தில் சித்திரையிலிருந்து ஆடி வரை பாரதம் நடக்கிற ஊர்களில் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது என் பிழைப்பு. கூட்டத்தில் இருப்பவர் தூங்கலாம், எழுந்து போய் டீ குடிக்கலாம். எனக்கு அந்த வசதி இல்லை. பிரசங்கி இருமினால்கூட சத்தத்தைக் குறைக்க என் கை தயாராக இருக்க வேண்டும். எந்தப் பிரசங்கி எந்த இடத்தில் மூச்சு வாங்குவார், எந்த இடத்தில் பாட்டை விழுங்குவார் என்பதெல்லாம் விழாக்குழுத் தலைவரைவிட எனக்குத் தெரியும்.

இந்தப் பிரசங்கியின் பெயரை இங்கே போடவில்லை, அவருக்கு அது பிடிக்காது. வேண்டுமென்பவர்கள் வலங்கைமான் பக்கம் மைக்செட் கடைகளில் விசாரித்தால் போதும், ‘எக்கோ வேண்டாம்கிற ஆளா?’ என்று திருப்பிக் கேட்பார்கள். அவரேதான்.

நடந்தது நீடாமங்கலத்துக்குத் தெற்கே, கோரையாற்றுக் கரையில் ஓர் ஊர். தாளடி அறுப்பு முடிந்து, உளுந்தும் பறித்தாகிவிட்டது. மேட்டூர் திறக்கும் ஜூன் 12க்கு இன்னும் நாள் இருந்தது. வயல் காய்ந்து கிடக்கும், ஆட்களுக்கும் வேலை இருக்காது. டெல்டாவில் பாரதம் கேட்கத் தோதான காலம் அதுதான். அவரோடு பின்பாட்டுக்கு ஒருவர், ஆர்மோனியம் ஒருவர், மிருதங்கம் ஒருவர். வில்லிபுத்தூரார் தமிழில் பாடிய வில்லிபாரதப் பாட்டைப் படித்து, பேச்சு வழக்கில் விளக்கம் சொல்லுகிற பழைய முறை.

முதல் நாள் மைக்கைச் சரிபார்க்கும்போதே என்னைக் கூப்பிட்டார். “தம்பி, பாட்டுக்கு லேசா எக்கோ வையி. சபதத்துக்கு வேண்டாம். அழுகைக்கும் வேண்டாம்.”

எனக்குப் புரியவில்லை. எனக்குத் தெரிந்த எல்லாப் பிரசங்கியும் தலைகீழாகத்தான் கேட்பார்கள். பாஞ்சாலி கூந்தலை விரித்துப் போட்டு, துச்சாதனன் ரத்தம் பூசித்தான் முடிப்பேன் என்று சொல்லும் இடத்தில் எக்கோவை முழுதாகத் திருப்பச் சொல்வார்கள். பீமன் தொடையைப் பிளப்பேன் என்னும்போதும் அப்படித்தான். விசில் பறக்கும். சிலர் பத்து ரூபாய் நோட்டைச் சட்டையில் குத்திவிட்டுப் போவார்கள். பிரசங்கிகளுக்கு மேல்வருமானமே சபதத்தில்தான். இவர் அந்த இடங்களை, பத்திரம் வாசிக்கிற மாதிரிச் சாதாரணக் குரலில் சொல்லிவிட்டுப் போனார். முதல் சில நாள் கூட்டத்தில் முணுமுணுப்பு இருந்தது உண்மை. இளவட்டங்கள் பந்தலுக்கு வெளியே போய் நின்றார்கள்.

ஆனால் அவர் எங்கே நேரம் எடுத்துக்கொள்கிறார் என்று கவனிக்க ஆரம்பித்தபோது எனக்குப் பிடித்துப்போனது. ஒவ்வொரு சாவுக்கும் அவர் ஒரு இழவு வீட்டைக் காட்டினார். இன்னார் செத்தார், அவர் வீட்டில் இன்று யார் அழுகிறார்கள், எத்தனை நாழிகை அழுதார்கள், எப்போது எழுந்து ஆயுதத்தை எடுத்தார்கள். 18 நாளும் இதே கேள்விதான்.

இந்தக் கேள்வியைத் துருபதன் கதையில் ஆரம்பித்தார். துரோணரும் துருபதனும் குருகுலத்துத் தோழர்கள். ராஜாவான பிறகு துருபதன் ஏழைப் பிராமணனை அவமானப்படுத்தி அனுப்பிவிட்டான். துரோணர் அதை மனதில் வைத்திருந்து, பாண்டவர்களுக்கு வில் கற்றுக்கொடுத்து, குருதட்சணையாகத் துருபதனையே கட்டி இழுத்துவரச் சொல்லிப் பாதி நாட்டைப் பிடுங்கிக்கொண்டார். துருபதன் பதிலுக்கு யாகம் வளர்த்தான், துரோணரைக் கொல்ல ஒரு மகன் வேண்டுமென்று. அந்த நெருப்பில் திருஷ்டத்யும்னன் வந்தான். அவன் பின்னாலேயே திரௌபதியும் வந்தாள்.

இங்கே அவர் நிறுத்தினார். “நாம தீமிதிக்கிறோமே, அம்மன் பொறந்த நெருப்பு எதுக்காக மூட்டுனதுன்னு யாராவது யோசிச்சிருக்கோமா?” அவ்வளவுதான் கேட்டார். விளக்கம் சொல்லவில்லை, அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார். பூசாரி என் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் ஆம்ப்ளிஃபயரைப் பார்த்தேன்.

அபிமன்யு வதம் அன்று கூட்டம் நிரம்பிவிட்டது. சக்கர வியூகத்தை மற்றவர்கள் மணிக்கணக்கில் கட்டுவார்கள், இவர் சீக்கிரம் முடித்தார். அர்ச்சுனன் சாயங்காலம் பாசறைக்குத் திரும்புகிற இடத்துக்கு வந்து நிதானமானார். வழக்கமாக வாத்தியம் ஒலிக்கும் பாசறை அன்று ஊமையாகக் கிடக்கிறது. யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. மகன் ஓடிவந்து எதிரே நிற்கவில்லை. அர்ச்சுனன் ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறான். இந்த ஒரு காட்சிக்கே அரை மணி நேரம். இடையில் மிருதங்கத்தைக்கூட நிறுத்திவிட்டார். மைக்கில் கீற்றுப் பந்தல் காற்றில் அசைகிற சத்தம்தான் கேட்டது. மைக்செட்காரனுக்கு அது பயமான நேரம், செட்டு நின்றுவிட்டதோ என்று எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். அன்று ஒருவரும் திரும்பவில்லை.

அப்புறம் சபதம். நாளை சூரியன் மறைவதற்குள் ஜெயத்ரதனைக் கொல்வேன், இல்லையென்றால் தீயில் இறங்குவேன். அதை ஒரே வரியில் சொல்லிவிட்டு, ஜெயத்ரதன் ஏன் அன்று வழியை மறித்தான் என்று பின்னால் போனார். வனவாசத்தில் திரௌபதியைத் தூக்கிக்கொண்டு ஓடியதற்காகப் பீமன் அவன் தலையில் ஐந்து குடுமி வைத்துச் சிரைத்து அனுப்பினான். அந்த அவமானத்தில்தான் சிவனிடம் தவம் கிடந்து, அர்ச்சுனன் நீங்கலாகப் பாண்டவர்களை ஒரே ஒரு நாள் தடுக்கும் வரம் வாங்கினான். அந்த ஒரு நாளை எந்த நாளில் செலவு செய்தான் என்று பாருங்கள் என்றார். சிரைத்த குடுமிக்கு ஒரு பதினாறு வயசுப் பையன் போனான்.

ஜெயத்ரதனின் அப்பா விருத்தக்ஷத்திரனையும் அவர் விடவில்லை. மகனின் தலையை எவன் தரையில் உருட்டுகிறானோ அவன் தலை நூறாகச் சிதறட்டும் என்று பாசத்தில் சொல்லிவைத்தவர். அர்ச்சுனன் அறுத்த தலை அம்பிலேயே பறந்து, சந்தி செய்துகொண்டிருந்த அவர் மடியில் விழுகிறது. பதறி எழுந்தார், தலை தரையில் உருண்டது. அப்பா போட்ட வேலி அப்பா தலையிலேயே இடிந்தது என்றார் பிரசங்கி. பெண்கள் பக்கத்தில் ‘அய்யோ’ என்று ஒரே குரலாக வந்தது. ஜெயத்ரதன் சாவுக்கு எங்கள் பக்கம் யாராவது ‘அய்யோ’ சொல்லி நான் கேட்டதில்லை.

அதற்கு மறுநாள் அவர் சொன்ன கணக்கைத்தான் நான் இப்போது போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எங்கள் ஊர் வழக்கத்தில் ஒருவர் இறந்தால் மறுநாள் பால் தெளி, 16ஆம் நாள் கருமாதி. அதுவரை வீட்டில் நாலு பேர் வந்து உட்கார்ந்திருப்பார்கள், அழ விடுவார்கள், சாப்பிட வைப்பார்கள். “அபிமன்யு செத்தது 13ஆம் நாள் சண்டையில. கருமாதிக்கு எண்ணிப் பாருங்க. அதுக்குள்ள சண்டையே முடிஞ்சு, திரௌபதி பெத்த அஞ்சு பிள்ளையும் செத்துப்போச்சு. அந்த 18 நாள்ல ஒரு வீட்டுலயாவது ஒக்காந்து அழ முடிஞ்சுதா?” பாரதத்தில் எல்லாருக்கும் தர்ப்பணம் நடப்பது போர் முடிந்த பிறகுதான். தர்மன் ஊருக்குள்ளே போகாமல் ஒரு மாதம் கங்கைக் கரையிலேயே தங்குகிறான். கர்ணன் தன் அண்ணன் என்பதும் அந்தக் கரையில்தான் அவனுக்குத் தெரிகிறது. குந்தி அதை முன்னாலேயே அழுது சொல்லியிருந்தால் என்று இவர் ஒரு வார்த்தை சொல்லி நிறுத்திக்கொண்டார்.

சரி, இந்தக் கணக்கு எல்லா இடத்திலும் பொருந்துமா என்று எனக்குச் சந்தேகம் உண்டு, அதற்கு வருகிறேன்.

துரோணர் சாவும் இதே கணக்கில்தான் வந்தது. அன்று காலையில்தான் அவர் கையால் துருபதன் சாகிறான். மகன் அசுவத்தாமன் இறந்துவிட்டான் என்ற பொய்யைக் கேட்டு வில்லைக் கீழே போட்டு உட்கார்ந்தவரை, அப்பனை இழந்த திருஷ்டத்யும்னன் தலையறுக்கிறான். தன்னைக் கொல்லப் பிறந்தவன் என்று தெரிந்தும் அவனுக்கு வில்வித்தை சொல்லிக்கொடுத்தவர் துரோணர். இதில் யார் பக்கம் நிற்பது என்று பிரசங்கி கேட்கவில்லை, எனக்குத்தான் தோன்றியது.

அசுவத்தாமன் இரவுக்கு வந்தபோது பந்தலில் யாரும் தூங்கவில்லை. ஆலமரத்தில் தூங்குகிற காக்கைகளை ஒரு கோட்டான் வந்து ஒவ்வொன்றாகக் கொல்வதை அவன் பார்க்கிறான், யோசனை பிறக்கிறது. பாசறைக்குள் புகுந்து, அப்பனைக் கொன்ற திருஷ்டத்யும்னனை ஆயுதத்தால் கொல்லாமல் மிதித்தே கொல்கிறான். ஆயுதத்தால் சாகவிடு என்று அவன் கேட்டும் விடவில்லை. வாசலில் கிருபரும் கிருதவர்மனும் நின்று, தப்பி ஓடிவருகிறவர்களை வெட்டுகிறார்கள். பிறகு பாசறைக்கு மூன்று இடத்தில் தீ வைக்கிறார்கள்.

தீ வைத்தார்கள் என்று அவர் சொன்னதும் எனக்குப் பின்னால் இருந்த பெரியவர் ஒருவர் ‘வெண்மணி’ என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் அது யாருக்கும் தோன்றாமல் இருக்காது. 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில், கூலி கேட்டுப் போராடிய விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும், ஒரே குடிசையில் ஒளிந்திருந்தபோது எரித்துக் கொல்லப்பட்டார்கள். 1973ல் உயர் நீதிமன்றம் மிராசுதார்களை விடுவித்தது. அவர்களில் முக்கியமானவர் 1980ல் கொல்லப்பட்டார். இரண்டையும் ஒரே தராசில் வைக்க நான் வரவில்லை. எரித்தவர்கள் யாரையும் இழந்த துக்கத்தில் எரிக்கவில்லை, கூலித் தகராறில்தான் எரித்தார்கள். நீதிமன்றத்தில் முடியாத கணக்கு 12 வருஷம் கழித்து வேறு இடத்தில் முடிந்தது என்பதை மட்டும் சொல்கிறேன். ஒவ்வொரு டிசம்பர் 25க்கும் அங்கே ஆயிரக்கணக்கில் கூடுகிறார்களே, அது ஊரே சேர்ந்து உட்கார்ந்து அழுகிற இடம்தான். பிரசங்கிக்குப் பெரியவர் சொன்னது கேட்டதா தெரியாது. அவர் கதையை விட்டு நகரவில்லை. நல்லதுதான், அவர் ஏதாவது சொல்லியிருந்தால் இரண்டு தெருவுக்கும் வாய்த்தகராறு வந்திருக்கும்.

பிள்ளைகளை இழந்த திரௌபதி என்ன செய்தாள் என்பதற்கு இரண்டு கதையையும் சொன்னார். பாரதத்தில் அவள் அசுவத்தாமனின் தலைமணியைக் கேட்டு உண்ணாமல் உட்காருகிறாள், மணி வந்ததும் எழுந்துவிடுகிறாள். பாகவதத்திலோ அவனைக் கட்டி இழுத்து வந்து அவள் முன்னால் நிறுத்துகிறார்கள். விட்டுவிடுங்கள், நான் அழுவதுபோல் இவனைப் பெற்றவளும் அழ வேண்டாம் என்கிறாள். சபதம் போட்டுக் கூந்தலை விரித்த அதே திரௌபதி. கூந்தலுக்கு 13 வருஷம் காத்திருந்தவள், அஞ்சு பிள்ளைக்கு ஒரு நாளில் விட்டுக்கொடுக்கிறாள். இந்த இடத்தில் எக்கோ வைத்திருந்தால் நான் கெடுத்திருப்பேன்.

துரியோதனன் வதத்தை நடத்திக்காட்டும் படுகளம் அன்று, மண்ணால் செய்து படுக்கவைத்த துரியோதனன் தொடை உடைந்து, அம்மன் கூந்தல் முடிந்து, தீமிதியும் நல்லபடி முடிந்தது. பெரும்பாலான பிரசங்கிகள் அதோடு மூட்டை கட்டி, தர்மர் பட்டாபிஷேகத்துக்குப் பேருக்கு நாலு பாட்டுப் பாடுவார்கள். வில்லிபுத்தூராரே அசுவத்தாமன் இரவைச் சொல்லும் பத்தாவது பருவமான சௌப்திகத்தோடு நிறுத்திவிட்டார், நாம் ஏன் இழுப்பானேன் என்பது அவர்கள் வாதம். இவர் பட்டாபிஷேகத்துக்கு முந்திய இரவு வியாசர் பாரதத்திலிருந்து, போர் முடிந்து பெண்கள் அழுகிற ஸ்த்ரீ பருவம் சொல்வேன் என்று முதலிலேயே பேசிவைத்திருந்தார். விழாக்குழுவுக்கு இஷ்டமில்லை. அம்மனைக் குளிர வைத்த பிறகு ஒப்பாரி எதற்கு என்றார்கள். அவர் பிடிவாதமாகச் சொன்னார். அவரை அழைக்க நினைக்கிற ஊர்கள் இதை முன்னாலேயே பேசித் தீர்த்துக்கொள்வது நல்லது.

அந்த இரவுக்காகவே நான் அவருக்கு முழு மார்க் போடுவேன். திருதராஷ்டிரன் கட்டித் தழுவுகிற சாக்கில் பீமன் என்று நினைத்து இரும்புப் பொம்மையை நொறுக்குகிறான். காந்தாரியின் பார்வை கண்கட்டுக்கு அடியில் தர்மன் கால் நகத்தில் பட்டு நகம் கருக்கிறது. அப்புறம் திரௌபதி அழுதுகொண்டு வருகிறாள். காந்தாரி அவளைப் பார்த்து, நீ எப்படியோ நானும் அப்படித்தான், நமக்கு யார் ஆறுதல் சொல்வார்கள், என் தப்பால்தான் இந்தக் குலம் அழிந்தது என்கிறாள். நூறு பிள்ளையை இழந்தவளும் அஞ்சு பிள்ளையை இழந்தவளும். பின்பாட்டுக்காரர் இதற்கு ஒப்பாரி மெட்டில் இழுத்தார். மேடைக்கு முன்னால் பாயில் இருந்த பெண்கள் அவரோடு சேர்ந்து இழுத்தார்கள்.

அடுத்தது கண்ணனுக்குக் காந்தாரி கொடுத்த சாபம். 36 வருஷத்தில் உன் குலமும் இப்படியே அடித்துக்கொண்டு சாகட்டும். முடித்துவிட்டு அவர் தண்ணீர் குடிக்கும்போது ஒரு ஆத்தா எழுந்து கேட்டார்: “சாமி, ஒக்காந்து அழுதா கோவம் தீரும்னு 18 நாளா சொன்னீங்க. காந்தாரிதான் ஊரே பாக்க அழுதாளே. அப்புறமும் ஏன் சாபம் விட்டா?”

எனக்கும் அதே சந்தேகம்தான். அவர் கொஞ்சம் யோசித்தார். “பாண்டவங்க மேல இருந்த கோவம் தீந்துடுச்சு ஆத்தா. தடுக்க முடிஞ்சும் தடுக்காம நின்னியேன்னு கண்ணன் மேலதான் தீரல.”

“அப்ப அந்த யாதவப் புள்ளைங்க என்ன பாவம் பண்ணுச்சு?”

பதில் வரவில்லை. ஆர்மோனியக்காரர் சமயம் பார்த்து மங்களத்தை ஆரம்பித்துவிட்டார்.

எனக்கு இதை யோசிக்கும்போது தரங்கம்பாடிப் பக்கம் ஒரு சபைக் கூட்டத்துக்குச் செட் போட்டபோது கேட்ட பிரசங்கம் ஞாபகம் வந்தது. வேதாகமத்தில் சாமுவேலின் இரண்டாம் புஸ்தகம். தம்பி ஆசகேலைக் கொன்றதற்காக யோவாப், சமாதானம் பேச வந்த அப்னேரைத் தனியே அழைத்துக் குத்திக் கொல்கிறான். தாவீது என்ன செய்கிறார் என்றால், யோவாபையே துணியைக் கிழித்து இரட்டு உடுத்தி அப்னேருக்காக அழ வைக்கிறார், தானும் பாடைக்குப் பின்னால் நடக்கிறார். கொன்றவனையே இழவுக்கு நடத்திக்கொண்டுபோன அந்த இடம் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் சாகும் தருவாயில் அதே தாவீது, யோவாபைச் சும்மா விடாதே என்று சாலொமோனிடம் சொல்லிவிட்டுத்தான் போகிறார். யோவாப் பலிபீடத்தின் கொம்பைப் பிடித்துக்கொண்டே சாகிறான். அழுகையும் எல்லாவற்றையும் தீர்த்துவிடுவதில்லை போலிருக்கிறது. நம் பாரதப் பிரசங்கியிடம் இதைச் சொன்னேன், மறுபடி சொல்லச் சொல்லி நோட்டில் எழுதிக்கொண்டார்.

இனி குறைகள். கடைசி நாள் பட்டாபிஷேகத்தோடு, யாதவர்கள் அழிகிற மௌசல பருவத்தையும் ஜனமேஜயன் யாகத்தையும் சேர்த்து ஓட்டினார். யாதவர்கள் குடித்துவிட்டு அடித்துக்கொண்டதே அந்த ராத்திரிக் கொலையால்தான். தூங்குகிறவர்களைக் கொன்றவன்தானே நீ என்று சாத்யகி கிருதவர்மனை ஏச, கையிழந்து உட்கார்ந்திருந்த பூரிசிரவஸைக் கொன்றவன்தானே நீ என்று அவன் திருப்பிச் சொல்ல, வாளை உருவினார்கள். 36 வருஷம் ஒருவரும் மறக்கவில்லை. இதற்கே ஒரு இரவு வேண்டும், கால் மணியில் முடித்தார். பாரதக் கதையே, அப்பன் பரீட்சித்தைக் கடித்த தட்சகனுக்காகப் பாம்புக் குலம் முழுவதையும் எரிக்க ஜனமேஜயன் வளர்த்த யாகத்தில் சொன்னதுதான். பாம்பு வயிற்றில் ரிஷிக்குப் பிறந்த ஆஸ்தீகன் வந்து அதை நிறுத்தினான் என்பதையும் நாலு வரியில் தாண்டிவிட்டார். அர்ச்சுனன் காண்டவ வனத்தை எரித்ததிலிருந்து தொடங்கிய பகையை அவ்வளவு அவசரமாகவா முடிப்பது? ஸ்த்ரீ பருவத்துக்கு நேரம் வேண்டுமென்றால் முதல் நாள் சந்திர வம்ச வரலாற்றைக் குறைத்திருக்கலாம்.

கர்ண மோட்சத்துக்கு எங்கள் பக்கம் அழுவதற்கென்றே வருகிறார்கள். அன்று இவர் அடக்கி வாசித்தது பலருக்கு வருத்தம். அம்பையின் கதையைப் பாதி இரவாவது சொல்லியிருக்க வேண்டும், விட்டுவிட்டார். எட்டரைக்குத் தொடங்குவதாகச் சொல்லி ஒன்பதரைக்கு வருவார். வெற்றிலை போட்டுக்கொண்டே மைக் முன்னால் பேசுவதால் என் மைக் வலையைத் துடைத்தே கை ஓய்ந்தது. ஆர்மோனியம் சுருதி சேரவில்லை, அவரிடம் சொன்னால் ‘பழைய பெட்டி’ என்கிறார்.

தொகையை எழுதச் சொல்லாதீர்கள், ஊருக்கு ஊர் மாறும். தினக்கணக்கு கிடையாது, 18 நாளுக்கும் மொத்தமாகத்தான் பேசுவார். கோயிலுக்குப் பக்கத்திலேயே தங்க இடமும், காலையில் இட்லி வேண்டாம், பழைய சோறு போதும் என்பதும் அவர் நிபந்தனை. சபதத்துக்குக் கூட்டம் ஆட வேண்டும், விசில் பறக்க வேண்டும் என்று நினைக்கிற ஊர் வேறு ஆளைப் பார்க்கலாம், அதற்கு நல்ல பிரசங்கிகள் நிறைய இருக்கிறார்கள். என் கணக்கில் இவருக்கு ஐந்துக்கு நாலரை ஸ்டார். அரை ஸ்டார் ஆர்மோனியத்துக்கும் வெற்றிலைக்கும் போச்சு. அடுத்த சித்திரைக்கு வேண்டுமென்றால் தைக்குள் சொல்லிவிடுங்கள், ஆர்மோனியப் பெட்டி மட்டும் உள்ளூரில் ஏற்பாடு செய்துகொள்வது உத்தமம்.